சாராபாயும் தவானும்: தலைமைக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் ஒன்பது வருடம்

ஒரு படம் உங்களுக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கும். மேலே ஒரு பெரிய பாறை. அதன்மேல் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு ஒருத்தர் கையை நீட்டி அதட்டுகிறார், நாலு பேர் கயிறு கட்டி இழுக்கிறார்கள். அவர் ‘பாஸ்’. கீழே அதே பாறை, அதே நாலு பேர். ஆனால் இந்த முறை அவர் முன்னால் நின்று தானும் சேர்ந்து இழுக்கிறார். அவர் ‘லீடர்’. நான் உட்கார்ந்த பயிற்சி வகுப்புகளில் பாதிக்கு மேல் இந்தப் படம் ஏதாவது ஒரு ஸ்லைடில் வந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரே சந்தேகம்தான். கயிறு தாங்குமா என்று யார் பார்த்தார்கள்? இழுப்பவர்களுக்குச் சாப்பாடு யார் ஏற்பாடு செய்தார்கள்? இந்தப் பாறையை எதுக்கு நகர்த்தணும் என்று யார் முடிவு செய்தார்கள்? படத்தில் அந்த ஆட்களைக் காணோம்.

இந்த வித்தியாசத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். 1977ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஏப்ரஹாம் ஸலெஸ்னிக் எழுதிய கட்டுரை பிரபலம். மேலாளரும் தலைவரும் அடிப்படையிலேயே வேறு வேறு மனப்போக்கு உள்ள ஆட்கள் என்பது அவர் கட்சி. 1990ல் அதே பத்திரிகையில் ஜான் காட்டர் கொஞ்சம் மாற்றிச் சொன்னார். சிக்கலைச் சமாளிப்பது நிர்வாகம், மாற்றத்தைச் சமாளிப்பது தலைமை, ஒரு நிறுவனத்துக்கு இரண்டும் வேண்டும் என்றார். அதாவது ஸலெஸ்னிக் ஆட்களைப் பிரித்தார், காட்டர் வேலையைப் பிரித்தார்.

யார் சொன்னது சரி? இதை வெறும் வாதமாகப் பேசிக்கொண்டே போனால் முடிவே வராது. அதனால் நன்றாகப் பதிவான ஒரு நிஜ நிறுவனத்தின் சில வருடங்களை எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான் எடுத்துக்கொண்டது இந்திய விண்வெளித் திட்டம். 1971 டிசம்பர் முதல் 1980 ஜூலை வரை.

தும்பா நாட்கள்

ஆரம்பக் கதை பலருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விக்ரம் சாராபாய் 1919ல் அகமதாபாத்தில் ஒரு பெரிய ஜவுளி ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர். காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியாளர். 1962ல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அவர் தலைமையில் அமைந்தது. காந்த நடுக்கோடு கேரளக் கடற்கரையை ஒட்டிப் போவதால் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவ கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே இருந்த மக்தலேன் மரியாள் தேவாலயத்தை பிஷப்பும் ஊர்க்காரர்களும் சம்மதித்துக் கொடுக்க, அதுவே ஆபீஸ் ஆனது. 1963 நவம்பர் 21 அன்று அமெரிக்கா கொடுத்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. ராக்கெட் பாகத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அந்தப் புகைப்படம் இந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான்.

இதில் சாராபாயின் பங்கு என்ன? ராக்கெட்டை அவர் வடிவமைக்கவில்லை. சாப்பாட்டுக்கே வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்த்திருந்த ஒரு நாட்டில், விண்வெளி எதுக்கு என்ற கேள்விக்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. நிலவுக்கு ஆள் அனுப்பி வல்லரசுகளோடு போட்டி போடுவதற்காக இல்லை, தொலைத்தொடர்பு, வானிலை, கிராமத்துக்குக் கல்வி என்று மக்களின் நிஜமான பிரச்சினைகளுக்காக என்றார். இதைக் கேட்டு இருபதுகளில் இருந்த இஞ்சினியர்கள் நல்ல வேலைகளை விட்டுவிட்டுத் தென்னந்தோப்புக்கு வந்து சேர்ந்தார்கள். காட்டர் சொல்லும் ‘தலைமை’க்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எல்லா வழியும் ஒருவரிடமே

இப்போது அதே நிறுவனத்தை அறுபதுகளின் கடைசியில் பாருங்கள்.

1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்துபோகிறார். அணுசக்திக் கமிஷன் தலைவர் பொறுப்பும் சாராபாயிடம் வருகிறது. அணுசக்திக்கு மும்பை, அரசாங்கத்துக்கு டெல்லி, சொந்த ஆராய்ச்சிக்கு அகமதாபாத், ராக்கெட்டுக்குத் திருவனந்தபுரம். இடையில் குடும்ப நிறுவனங்கள் வேறு. 1969 ஆகஸ்ட் 15 அன்று இஸ்ரோ என்ற பெயரில் எல்லாம் ஒன்றாக வந்தது. ஆனால் பெயர் வந்த அளவுக்கு உள்ளே அமைப்பு வரவில்லை. தும்பாவில் பல குழுக்கள், பல யூனிட்டுகள், அவற்றில் பலவும் சாராபாயிடம் நேராகப் பேசிக்கொண்டிருந்தன. ஒரே வேலையை இரண்டு குழுக்களிடம் கொடுத்துப் போட்டிபோட விடுவதும் அவர் வழக்கம். ஏர்போர்ட்டில் மீட்டிங், காரில் மீட்டிங். விடியற்காலை மூன்றரை மணிக்கு டெல்லி அசோகா ஹோட்டலில் தன்னைச் சந்திக்கச் சொன்னார் என்று கலாம் தன் சுயசரிதையில் எழுதுகிறார்.

எஸ்எல்வி-3 திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு கட்ட ராக்கெட். முதல் கட்டம் கோவாரிக்கர், இரண்டாவது குருப், மூன்றாவது முத்துநாயகம், நாலாவது கலாம் என்று நாலு பேரிடம் கொடுத்தார். நாலு பேருமே கெட்டிக்காரர்கள். ஆனால் நாலு கட்டமும் சேர்ந்தால்தானே ராக்கெட்? முதல் கட்டத்தில் எடை கொஞ்சம் கூடினால் அதுக்கு மேலே இருக்கிற எல்லாக் கணக்கும் மாறும். அந்தச் சண்டையை யார் தீர்ப்பது? சாராபாய் வரும்போது அவர் தீர்ப்பார்.

மென்பொருள் ஆட்களுக்கு இது நன்றாகப் புரியும். எந்த மாட்யூலிலும் தப்பில்லை, ஆனால் ஒவ்வொரு அழைப்பும் ஒரே சர்வர் வழியாகப் போகிறது. அந்த சர்வர் மிக வேகமானது, நல்லது, எல்லோருக்கும் பிடித்தது. அதனாலேயே அது விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

1971 டிசம்பர் 30. முந்தின நாட்களில் தும்பாவில் வேலைகளைப் பார்வையிட்ட சாராபாய், கோவளத்தில் தங்கியிருந்தபோது தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 52. டெல்லியிலிருந்து வந்துகொண்டிருந்த கலாமை, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலேயே காத்திரு, சந்திக்கலாம் என்று சொல்லியிருந்தார். கலாம் விமானத்தை விட்டு இறங்கியபோது அவருக்குக் கிடைத்தது மரணச் செய்தி.

நிர்வாகம் தெரியாதவரா சாராபாய்?

இங்கே அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ‘சாராபாய் கனவு காண்பவர், நிர்வாகம் அவருக்கு வராது’ என்று சொல்வது சுலபம். ஆனால் தகவல்கள் அதுக்கு எதிராக இருக்கின்றன. ஜவுளி ஆலைகளுக்காக ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பித்தவர் அவர். இந்தியாவில் சந்தை ஆய்வை முறையாகச் செய்த முதல் நிறுவனங்களில் ஒன்றை ஆரம்பித்தவரும் அவர்தான். எல்லாத்துக்கும் மேலே, 1961ல் அகமதாபாத் ஐஐஎம் உருவானதில் முக்கியமான ஆள். நாட்டுக்கே மேலாண்மைப் படிப்பைக் கொண்டுவந்தவரைப் போய் நிர்வாகம் தெரியாதவர் என்று எப்படிச் சொல்வது?

அந்த ஐஐஎம்மின் கதைதான் எனக்கு இதில் மிகவும் பயன்பட்டது. ஆரம்ப வருடங்களில் சாராபாயே அதன் கௌரவ இயக்குநர். 1965ல் பொறுப்பை ரவி மத்தாய் கையில் கொடுத்தார்கள். மத்தாய்க்கு அப்போது முப்பத்தெட்டு வயதுகூட நிரம்பியிருக்காது. முதல் முழுநேர இயக்குநர். அவர் என்ன செய்தார்? பாடத்திட்டம், ஆராய்ச்சி பற்றிய முடிவுகளை ஆசிரியர்கள் கையில் கொடுத்தார். 1972ல், யாரும் கேட்காமலேயே, இயக்குநர் பதவியை விட்டு இறங்கி அதே இடத்தில் சாதாரணப் பேராசிரியராக வேலை பார்த்தார். இயக்குநர் என்பது ஒரு பொறுப்பு, சிம்மாசனம் இல்லை என்பதை அந்த நிறுவனம் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அப்படியென்றால் ஐஐஎம்மில் சாராபாய் உயிரோடு இருக்கும்போதே கைமாற்றிக் கொடுத்தார். தான் இல்லாமல் அது நடக்கும் என்பதை அவரே பார்த்துவிட்டார். விண்வெளித் திட்டத்தில் அந்தக் கைமாற்றம் நடப்பதுக்குள் காலம் முடிந்துவிட்டது. ஒரே ஆள், இரண்டு நிறுவனம். ஸலெஸ்னிக் சொன்ன ‘மனப்போக்கு’ விளக்கம் இங்கே எனக்கு உதவவில்லை.

தவான் போட்ட நிபந்தனைகள்

அடுத்து யார்? இந்திரா காந்தி தேர்ந்தெடுத்தது சதீஷ் தவானை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர், 1962 முதல் அந்தப் பொறுப்பில் இருப்பவர். அந்த நேரத்தில் விடுப்பில் அமெரிக்காவில், தான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய கால்டெக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

வேறு யாராவது இருந்தால் அடுத்த விமானத்தைப் பிடித்திருப்பார்கள். தவான், எடுத்த வகுப்புகளை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றார். அறிவியல் கழக இயக்குநராகவும் தொடர்வேன், விண்வெளித் துறையின் தலைமையகம் பெங்களூரில் இருக்கணும் என்றார். பிரதமர் ஒத்துக்கொண்டார். தவான் வரும்வரை எம்.ஜி.கே. மேனன் சில மாதம் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார்.

1972ல் விண்வெளிக் கமிஷனும் விண்வெளித் துறையும் தனியாக உருவாயின. இதைப் படிக்கும்போது சும்மா ஒரு அரசாணை மாதிரித்தான் இருக்கும். விளைவு பெரியது. அதுவரை விண்வெளி அணுசக்தித் துறையின் கீழே ஒரு பகுதி. இனி அதுக்குத் தனிப் பட்ஜெட், பிரதமரிடம் நேரடித் தொடர்பு. தும்பாவில் சிதறிக் கிடந்த யூனிட்டுகளை ஒன்றாக்கி விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் என்று பெயர் வைத்தார்கள். அதுக்கு இயக்குநராக அணுசக்தித் துறையிலிருந்து பிரம்ம பிரகாஷ் என்ற உலோகவியலாளர் வந்தார். ராக்கெட்டில் அனுபவம் இல்லாதவர், ஆனால் பெரிய அமைப்பை நடத்திப் பழகியவர். எஸ்எல்வி-3க்கு ஒரே ஒரு திட்ட இயக்குநர், கலாம். செயற்கைக்கோளுக்கு யு.ஆர். ராவ். அகமதாபாதில் விண்வெளிப் பயன்பாட்டு மையத்துக்கு யஷ் பால்.

இப்போது முதல் கட்டத்துக்கும் மூன்றாவது கட்டத்துக்கும் எடையில் தகராறு வந்தால் தீர்ப்பதுக்கு ஒரு ஆள் உண்டு. அவருக்கு மேலே ஒரு மைய இயக்குநர், அதுக்கு மேலே இஸ்ரோ கவுன்சில். யாரிடம் என்ன அதிகாரம், எந்த முடிவு எங்கே எடுக்கப்படும் என்பது எழுத்தில் இருந்தது. விமான நிலையத்தில் காத்திருக்கத் தேவையில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். என்ன செய்வது என்பதை தவான் பெரிதாக மாற்றவில்லை. சொந்த ராக்கெட், சொந்த செயற்கைக்கோள், கிராமங்களுக்குத் தொலைக்காட்சி என்பதெல்லாம் சாராபாய் வரைந்து வைத்தவைதான். பெங்களூரு பீன்யாவில் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் உருவான ஆர்யபட்டா 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் போனது. அதே வருடம் ஆகஸ்டில், அமெரிக்க செயற்கைக்கோள் ஒன்றைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டும் சோதனை ஆரம்பித்து ஒரு வருடம் ஓடியது. அதுக்கான ஒப்பந்தம் சாராபாய் 1969ல் போட்டது. அவர் இறந்து மூன்றரை வருடம் கழித்து அது நடந்தது. கனவு கண்டவர் இல்லாமலேயே நடந்தது என்பதுதான் விஷயம்.

அதுக்காக தவானை வெறும் ஃபைல் பார்க்கும் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கணிதம், இயற்பியலோடு ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., அப்புறம் மெக்கானிக்கல் இஞ்சினியரிங் என்று படித்தவர். பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்று தனிப் புத்தகமே எழுதியவர்.

1979 ஆகஸ்ட் 10

இனி எல்லோருக்கும் தெரிந்த கதை. கலாம் பல மேடைகளில் சொன்னது.

ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் எஸ்எல்வி-3. கவுண்ட்டவுனின் கடைசிக் கட்டத்தில் கணினி நிறுத்தச் சொன்னது. நிபுணர்கள் பிரச்சினையில்லை என்றார்கள். கலாம் கணினியை மீறி ஏவ முடிவெடுத்தார். முதல் கட்டம் நன்றாக வேலை செய்தது. இரண்டாவது கட்டத்தில் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்தது. சுமார் ஐந்து நிமிடத்தில் எல்லாம் வங்காள விரிகுடாவில். ஒரு வால்வில் தூசி சிக்கி, அது மூடாமல் போய், கட்டுப்பாட்டு அமைப்புக்கான நைட்ரிக் அமிலம் கசிந்துவிட்டது என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

பத்திரிகையாளர் கூட்டத்துக்குக் கலாமைத் தனியாக அனுப்பாமல் தவானே முன்னால் நின்றார். தோல்விக்குத் தானே பொறுப்பு, என் குழுவை நம்புகிறேன், அடுத்த முறை ஜெயிப்போம் என்ற அர்த்தத்தில் பேசினார். 1980 ஜூலை 18 அன்று 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளை எஸ்எல்வி-3 சுற்றுப்பாதையில் வைத்தது. அன்றைக்குப் பத்திரிகையாளர்களிடம் பேசு என்று கலாமை அனுப்பிவிட்டு தவான் பின்னால் இருந்துகொண்டார்.

இதைப் பெருந்தன்மைக் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பெருந்தன்மைதான், சந்தேகமில்லை. ஆனால் இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் இருக்கும் பதினோரு மாதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என் அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், நள்ளிரவில் போட்ட ஒரு ரிலீஸ் கவிழ்ந்தது. மறுநாள் வாடிக்கையாளர் முன்னால் எங்கள் மேலாளர், “தப்பு என்னுடையது” என்று சொன்னார். எங்களுக்கெல்லாம் அவர் மேல் பெரிய மரியாதை. ஆனால் அதுக்குப் பிறகு எதுவுமே நடக்கவில்லை. எந்த இடத்தில் சோதனை விட்டுப்போனது என்று யாரும் தேடவில்லை, தேடினால் அவரைக் குறை சொல்வதுபோல ஆகிவிடுமே என்ற கூச்சம். மூணு மாதம் கழித்து அதே மாதிரி இன்னொரு ரிலீஸ் கவிழ்ந்தது. இந்த முறை அவர் வேலை போனது. நல்ல மனுஷர். இன்னும் வருத்தமாக இருக்கிறது.

ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது வேறு. பழியைத் தலைவர் ஏற்றுக்கொண்டார். அதனால் கீழே இருப்பவர்கள் பயமில்லாமல் உண்மையைப் பேச முடிந்தது. பேசுவதுக்கு ஒரு ஆய்வுக் குழு, ஒரு நடைமுறை இருந்தது. அந்த நடைமுறை தூசி படிந்த ஒரு வால்வு வரைக்கும் போய் நின்றது. முன்னது இல்லாமல் பின்னது வெறும் சடங்கு. பின்னது இல்லாமல் முன்னது வெறும் நல்ல மனசு, எங்கள் மேலாளருடையது மாதிரி.

கிடைத்ததும் போனதும்

இந்த மாற்றத்துக்கு விலை ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். சாராபாய் ஒரு இளைஞனைப் பார்த்து, பிடித்துப்போனால், அங்கேயே ஒரு புது வேலையைக் கொடுத்து அனுப்பிவிடுவார். கமிட்டி வந்தபிறகு அந்தச் சுதந்திரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். எஸ்எல்வியும் சாராபாய் நினைத்ததைவிடத் தாமதமாகத்தான் பறந்தது.

ஆனால் அமைப்பு நின்றதா என்பதை வேறு இடத்தில் பார்க்கணும். 1982ல் கலாம் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். 1984ல் தவான் விலகினார், யு.ஆர். ராவ் வந்தார். அடுத்த ராக்கெட்டான ஏஎஸ்எல்வி 1987லும் 1988லும் தொடர்ந்து தோற்றது. 1993ல் முதல் பிஎஸ்எல்வியும் தோற்றது. அதில் ஒரு மென்பொருள் பிழைக்கும் பங்கு உண்டு, நம் தொழில்காரர்கள் தலைகுனிய வேண்டிய இடம். ஒவ்வொரு முறையும் காரணத்தைத் தேடினார்கள், திருத்தினார்கள், திரும்ப ஏவினார்கள். 1994 அக்டோபரில் பிஎஸ்எல்வி ஜெயித்தது. 1971ல் ஒரு மரணத்தில் ஆடிப்போன நிறுவனம், அதுக்குப் பிறகு ஆட்கள் மாறியும், மூன்று தோல்வி வந்தும் கலையவில்லை.

என் கேள்விக்கு வருகிறேன். காட்டர் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனால் ஒன்று சேர்த்துக்கொள்வேன். எது செய்யத் தகுந்தது, ஏன் என்று சொல்லி மற்றவர்களை நம்ப வைப்பது தலைமை. தான் இல்லாத நாளிலும் அது நடக்கும்படி செய்வது நிர்வாகம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கண்டுபிடித்து, அதுக்காகத் தன் கையில் இருக்கும் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்கிறாரே, அவர் செய்வதை எந்தப் பெட்டியில் போடுவது? தவான் செய்ததும் மத்தாய் செய்ததும் அதுதான். ஐஐஎம்மில் சாராபாய் செய்ததும் அதுதான்.

எனக்கு நானே ஒரு சின்னப் பரீட்சை வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை பத்து நாள் ஊருக்குப் போய், போனை அணைத்துவிடுவேன். திரும்பி வரும்போது எனக்காக எத்தனை முடிவுகள் காத்திருக்கின்றன என்று எண்ணுவேன். போன வருடம் பதினேழு. இந்த வருடம் ஆறு. முதலில் கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லவில்லை. நம்மைத் தேட ஆளில்லையே என்று. அப்புறம்தான் சந்தோஷப்படக் கற்றுக்கொண்டேன்.

உங்கள் ஆபீஸில் எத்தனை?